‘வித்தவுட் பிரெஜுடிஸ்’: கடிதத்தில் எங்கே போடுவது?

கேள்வி: மதுரையில் வீட்டைக் காலி செய்து நான்கு மாதம் ஆகிறது. அட்வான்ஸ் 60,000 ரூபாய் இன்னும் வரவில்லை. 45,000 தந்தாலும் போதும், முடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரருக்கு எழுதப்போகிறேன். மேலே ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று போடச் சொல்கிறான் என் மச்சான். பாரபட்சம் இல்லாமல் என்றுதானே அர்த்தம்? அது இங்கே எதற்கு?

பதில்: 22 வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். பாரபட்சம் இல்லை சார், ‘என் உரிமைக்குப் பாதகமில்லாமல்’ என்று பொருள். நீங்கள் இறங்கி வந்ததைக் கோர்ட்டில் காட்டி, ‘பாக்கியே 45,000தான் என்று இவரே ஒத்துக்கொண்டார்’ என அவர் சொல்லக்கூடாது, அதற்குத்தான். 1872 சாட்சியச் சட்டத்தில் பிரிவு 23. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் பிரிவு 21. சிவில் வழக்குக்கு மட்டும்.

கேட்டவர்: அப்போ 60,000 முழுதும் கேட்டு எழுதும் கடிதத்திலும் போட்டுவிடவா?

குமாஸ்தா: வேண்டாம். அதை நாளைக்கு நீங்களே கோர்ட்டில் காட்ட வேண்டி வரும். இரண்டையும் தனித்தனிக் கடிதமாக எழுதுங்கள். ஒருவர் வாடகை ரசீதில்கூட அடித்துக்கொண்டு வந்தார்!

இன்னொருவர்: சமரசப் பேச்சே இல்லாத கடிதத்தில் முத்திரை மாதிரி குத்தினால் பலன் இல்லை. அப்புறம், கடைசியில் ‘டி’ சேர்த்து ‘பிரெஜுடிஸ்டு’ என்று அடித்துவிடாதீர்கள். நான் அடித்திருக்கிறேன்.