பழைய ஹைலக்ஸ் பிக்கப்: பெற்றோல் பம்ப் வயரிங் தெரிந்தவர்கள் உதவவும்

அண்ணாமார், தம்பிமாருக்கு வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடி. வண்டி பழைய டொயோட்டா ஹைலக்ஸ், 22ஆர்-ஈ பெற்றோல் எஞ்சின், பம்ப் டாங்கிக்குள்ளேயே இருக்கிற வகை. காலையில் நல்லா ஸ்டார்ட் ஆகும். அம்பாறைப் பக்கம் நெல் ஏற்றிக்கொண்டு போனால் சூடேறியதும் இழுவை குறைந்து நின்றுவிடும். கராஜில் புதுப் பம்ப் போட்டார்கள். காசு போனதுதான் மிச்சம்.

போனெட்டுக்குள் இருக்கும் செக் கனெக்டரில் (சோதித்துப் பார்ப்பதற்கான பிளக்) பி பிளஸ்ஸையும் (பிளஸ் கரண்ட் வரும் முனை) எஃப்பியையும் (பம்புக்குப் போகும் முனை) வயரால் இணைத்து, ரிலேயைத் தாண்டி நேரே கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். அப்படியும் பம்ப் முனகலோடுதான் ஓடுகிறது. அதனால் பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயையும், அந்த ரிலேயைப் போட வைக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரையும் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது) நான் சந்தேகிக்கவில்லை. டாங்கிப் பக்கக் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் இருக்கிறது. மாட்டிப் பம்ப் ஓடும்போது 9க்கு இறங்குகிறது. ஏர்த் வயருக்கும் சேஸிக்கும் இடையில் மட்டும் ஒன்றரை வோல்ட்! அங்கே 0.2க்கு மேல் வரக்கூடாதே. கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு. வாவிக் காற்றுக்கும் கடல் காற்றுக்கும் நடுவில் நிற்கிற வண்டி, வேறென்ன வரும்?

ஏர்த்தைப் புதிதாகச் சேஸியில் போடப்போகிறேன். மீதி வோல்ட் பிளஸ் பக்கம்தான் எங்கோ போகிறது. டாஷ்போர்டுக்கும் டாங்கிக்கும் இடையில் வேறு கனெக்டர் எங்கே ஒளிந்திருக்கிறது? பின்னை மட்டும் மாற்றலாமா, முழுக் கனெக்டரையே வெட்டிவிடலாமா? பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் ஈயம் பற்றவைக்கப் பயம், கிரிம்ப் (பின்னை நசுக்கி வயரை இறுக்குவது) போதுமா? மட்டக்களப்பில் பழைய டொயோட்டா கனெக்டர் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கோ.