டிஸ்கஸ், எக்ஸ்ப்ளெயின், வெயிட்: எதற்கு எந்த ப்ரெபோசிஷன்?

மெயில்மாறன்:
ஆபீஸ் மெயிலில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதினால் ‘அபவுட்’டை அடித்துவிடுகிறார்கள். ‘டாக் அபவுட்’ மட்டும் சரியாம். ‘டெல் மீ’ சரி, ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ தப்பாம். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா, இல்லை உருப்போட்டே தீர வேண்டுமா?

எட்டாம்வேற்றுமை:
பாதி உருப்போடத்தான் வேண்டும். ஆனால் எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: நம் வேற்றுமை உருபை அப்படியே தூக்கிக்கொண்டு போகும் இடத்தில். ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம், ‘அபவுட்’ ஒட்டிக்கொள்கிறது. ஒருவரோடு கல்யாணம், ‘மேரி வித்’ வந்துவிடுகிறது. மதுரைக்குப் போய்ச் சேர்கிறோம், ‘ரீச் டு மதுரை’. டிஸ்கஸ், மேரி, ரீச் மூன்றுக்கும் நடுவில் எதுவும் வேண்டாம். எதிர்ப்பக்கமும் உண்டு. பாட்டைக் கேட்கிறோம் என்பதால் ‘லிசன் டு மியூசிக்’கில் ‘டு’ காணாமல் போகிறது.

டெல், கிவ், ஷோ, செண்ட் நான்கும் ஆளை நேராக ஏற்கும்: ‘செண்ட் மீ த ஃபைல்’. எக்ஸ்ப்ளெயின், சஜஸ்ட் ஏற்காது. விஷயம் முதலில், ஆள் ‘டு’வோடு பின்னால்: ‘எக்ஸ்ப்ளெயின் திஸ் டு மீ’.

இன்னொரு கண்ணி, பெயர்ச்சொல். ‘எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்’ சரியான இங்கிலீஷ்தான். அந்தப் பழக்கத்தில்தான் வினைக்கும் ‘அபவுட்’ போடுகிறோம். ‘ஐ ரிக்வெஸ்டட் லீவ்’, ஆனால் ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’.

வால்_விடாதே:
வெயிட்டில் பெரும்பாலும் கேள்வி கேட்கும்போதுதான் தப்பு வருகிறது. ‘ஐம் வெயிட்டிங் ஃபார் த பஸ்’ என்று சரியாகச் சொல்பவரே ‘ஹூ ஆர் யூ வெயிட்டிங்?’ என்பார். தமிழில் ‘யாருக்காக’ என்று உருபு கேள்விச்சொல்லோடு முன்னாலேயே போய்விடும். அங்கே அது கடைசியில் தனியாக நிற்க வேண்டும்: ‘ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’ ‘எ சேர் டு சிட் ஆன்’, ‘எ பென் டு ரைட் வித்’ எல்லாம் இதே வகை.

டூ_பாயிண்ட்:
மெயில் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ தப்பு, ‘மீட்டிங் யூ’தான். சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது; அப்படியானால் அந்த ‘டு’ ப்ரெபோசிஷன், பின்னால் ‘இங்’ வரும். ‘ஐ வான்ட் டு இட்’ நிற்காது, அதனால் ‘வான்ட் டு மீட்’. ‘ஐம் யூஸ்ட் டு வேக்கிங் அப் ஏர்லி’ என்றால் பழகிவிட்டது. ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் ஏர்லி’ என்றால் முன்பு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. மாற்றிப் போட்டால் அர்த்தமே தலைகீழ்.

எட்டாம்வேற்றுமை:
அந்த ‘இட்’ சோதனை அருமை. ஒன்று மட்டும்: ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘கோப் அப் வித்’ (‘கோப் வித்’ போதும்) எல்லாம் இந்தியப் பேச்சில் சகஜம், யாருக்கும் புரியாமல் போகாது. பேச்சில் அதற்காகத் தயங்கி நிற்பது வீண். ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங், கிளையன்ட் மெயில் என்றால் திருத்திக்கொள்ளுங்கள். குறித்து வைக்கும்போது ‘டிஸ்கஸ் – விவாதி’ என்று எழுதாமல் ‘டிஸ்கஸ் சம்திங் வித் சம்படி’ என்று முழுச் சட்டத்தையும் எழுதுங்கள். லேர்னர்ஸ் டிக்‌ஷனரிகளில் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.