முதலுதவி பைக்: பெட்டரி இறங்குது, இறக்கத்தில் பின் பிரேக்கும் விடுது

தலவாக்கலை கராஜ்:
தோட்டங்களுக்கு ஓடும் முதலுதவி பைக். அம்பியூலன்ஸ் ஏற முடியாத லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முதலில் போவது இதுதான். 250 சிசி, ஒற்றை சிலிண்டர், 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பெட்டரி, புதுசு. 100 வொட் சைரன், 10 வொட் எல்ஈடி மின்னல் விளக்கு நான்கு, வயர்லெஸ் செட் ஒன்று. போன இடத்தில் எஞ்சினை நிறுத்தி, விளக்கையும் வயர்லெஸ்ஸையும் மட்டும் விட்டு வைத்தால் அரை மணி நேரத்தில் செல்ஃப் ஸ்டார்ட் எடுப்பதில்லை. ரம்பொடை இறக்கத்தில் பின் பிரேக் பெடல் அடிவரை போகிறது, ஆறினால் சரியாகிறது. பெரிய பெட்டரி போட்டால் தீருமா?

ஹட்டன் வயரிங்:
தீராது அண்ணே. மின்னல் விளக்கு விட்டு விட்டு எரிவதால் நான்கும் சேர்ந்து சராசரி 20 வொட்தான். வயர்லெஸ் பேசாமல் இருந்தால் அரை அம்பியர். அரை மணிக்கு 1.1 அம்பியர்-மணி, 7இல் அது பெரிய இழப்பில்லை. அப்படியென்றால் பைக் மேலே வந்து சேரும்போதே பெட்டரி காலி.

ஏற்றத்தில் சைரன் 8 அம்பியர், 55 வொட் ஹெட்லைட் நாலரை, மற்றதெல்லாம் சேர்ந்து நாலு. மொத்தம் 16க்கு மேல், அதாவது 200 வொட். இந்த ரக எஞ்சின்கள் பலவற்றில் ஸ்டேட்டர் (எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் சுருள்) அந்த அளவைக் கொடுப்பதே 5000 ஆர்பிஎம் பக்கம்தான். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஊரும்போது அதில் பாதி வந்தாலே பெரிது.

முதலில் மீட்டர் வையுங்க. இரவு முழுக்க நின்ற பெட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. சைரன் இல்லாமல் 5000இல் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஸ்டேட்டரின் மூன்று வயர் பிளக்கைக் கழற்றிப் பாருங்க: வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனை கருகியிருக்கலாம். மூன்று வயருக்கும் இடையே ஏசி வோல்ட் சமமாக இருந்து, எதுவும் பாடியோடு தொடர்பில்லை என்றால் ஸ்டேட்டர் நல்லது. பிளக்கையும், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பாருங்க.

சார்ஜ் சரி என்றால் செலவைக் குறைக்க வேண்டியதுதான். ஹெட்லைட்டை எல்ஈடிக்கு மாற்றினால் 30 வொட்டாவது மிச்சம். சைரனுக்கு 30 அம்பியர் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய சுமையைப் போடும் சுவிட்ச்), 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், பெட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ். ரிலேயை இயக்கும் 86ஆம் முனை இக்னிஷனோடு போகட்டும். விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் 12 வோல்ட்டுக்கு இறங்கினதும் தானாக வெட்டும் கட்-ஓஃப் போட்டால் ஸ்டார்ட் எடுக்க மிச்சமிருக்கும்.

தலவாக்கலை கராஜ்:
பொலிஸுக்கென்று வரும் பிஎம்டபிள்யூ பைக்குகளில் இரண்டாவது பெட்டரி இருக்கிறதே தம்பி?

ஹட்டன் வயரிங்:
இருக்கு. அதுகளின் ஆல்டர்னேட்டரும் பல மடங்கு பெரிது. நம்ம ஸ்டேட்டருக்கு இன்னொரு பெட்டரி இன்னொரு சுமைதான். இரண்டும் அரைகுறையாகவே நிற்கும்.

பண்டாரவளை டிஸ்க்:
பிரேக்கை முதலில் பாருங்க, உயிர் போகிற விஷயம் அதுதான். சூட்டில் போய் ஆறினதும் திரும்பி வந்தால் பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகிறது. டொட் 4 என்ற ரக பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் கொதிப்பது 230 பாகையில். ஈரம் ஏறியதும் 155க்கு இறங்கிவிடும். நம்ம மழைக்கு வருஷம் ஒருதரம் மாற்றியே ஆகணும். புது ஒயிலை ஊற்றி, கெலிப்பரில் மாட்டிய குழாயில் நிறம் தெளிந்து குமிழ் நிற்கும் வரை பழையதை வெளியே எடுங்க. அப்போது பிரேக் ஒயில் டேங்க் ஒருபோதும் காலியாகக் கூடாது. டொட் 5 சிலிகன், அதைக் கலக்கவே வேண்டாம்.

பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கெலிப்பர் வழுக்கி நகரும் ஊசி இறுகியிருந்தால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வரும். பின் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்க. பெடலில் சும்மா கால் வைத்து ஓட்டுகிறவர் இருந்தாலும் இதே கதைதான். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்க. ஒட்சிசன் சிலிண்டர் மேல் பெட்டியில் இருந்தால் பக்கப் பெட்டிக்கு, ஓட்டுநர் பக்கமாக முன்னே மாற்றுங்க. பின்னால் பாரம் கூடினால் ஏற்ற வளைவில் முன் சில்லு மண்ணைப் பிடிக்காது.

ஹட்டன் வயரிங்:
ஒன்று விட்டுப்போச்சு. முன் மின்னல் விளக்குக்குத் தனி சுவிட்ச் வையுங்க. மூடுபனியில் அந்த வெளிச்சம் ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பி அடிக்கும். அப்போது பின்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் எரிந்தால் போதும். சைரன் வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புங்க, தண்ணி தேங்காது.