மினாக்சிடில் போட்டதும் முடி அதிகமா கொட்டுது, நிறுத்திடலாமா?

உச்சிவெயில்:
வயது 29. உச்சியில் சொட்டை. தோல் டாக்டர் மினாக்சிடில் 5% லோஷன், காலை 1 மி.லி., இரவு 1 மி.லி. எழுதிக் கொடுத்தார். இப்போ அஞ்சாவது வாரம், முன்னைவிட அதிகமா கொட்டுது. அரிப்பும் செதிலும் வேற. தேங்காய் எண்ணெய் தினமும் வைப்பேன், அதை விடணுமா? பினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரையும் எழுதியிருக்கார், இன்னும் தொடங்கல.

மருந்துப்பெட்டி:
கொட்டுதேன்னு நிறுத்தாதீங்க. ஓய்வில் இருக்கிற வேர்களை மினாக்சிடில் மறுபடி வளரத் தூண்டும். அந்த வேர்களில் எப்படியும் உதிரப்போகிற பழைய முடி அப்போ மொத்தமா கழன்று விழும். பெரும்பாலும் 2 முதல் 8 வாரத்துக்குள் ஆரம்பிச்சு தானா அடங்கிடும். பலன் கண்ணுக்குத் தெரிய 4 மாதமாவது ஆகும். ஒரு வருடம் போகாமல் தீர்ப்பு சொல்லாதீங்க. பலன் வந்த பிறகு விட்டாலும், 3–4 மாதத்தில் வளர்ந்தது உதிர ஆரம்பிச்சிடும்.

போடும் முறையில்தான் பலர் கோட்டை விடறாங்க. தலை காய்ந்திருக்கணும். வகிடு வகிடா பிரிச்சு, டிராப்பர் நுனியைத் தோல் பக்கத்தில் வச்சு விடுங்க. முடி மேல ஊத்தினா முடிதான் குடிக்கும், வேருக்குப் போகாது. விரலால் பரப்பிட்டு கையை சோப்பு போட்டுக் கழுவணும். இல்லாட்டி கை படுற இடத்தில், முக்கியமா முகத்தில், முடி வரலாம். 4 மணி நேரம் தலைக்குக் குளிக்கக் கூடாது. தலையணையில் ஒட்டாம இருக்க, படுக்க 2 மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க. ஒரு வேளை தவறினா அடுத்த வேளை இரட்டிப்பு வேண்டாம்.

அளவு சரியான்னு பார்க்க சுலப வழி: 60 மி.லி. பாட்டில் 30 நாளில் தீரணும். 45 நாள் வருதுன்னா குறைவா போடறீங்க. வீட்டில் பூனை இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, கொஞ்சம் நக்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து.

வேர்க்கால்:
அரிப்புக்குப் பல நேரம் காரணம் மினாக்சிடில் இல்ல, லோஷனில் கலக்கிற புரொப்பிலீன் கிளைக்கால். நுரை வடிவத்தில் அது கிடையாது, மாத்தலாமான்னு டாக்டரிடம் கேளுங்க. செதில் பொடுகுதான்னு உறுதியானா கீட்டோகோனசோல் 2% ஷாம்பு வாரம் ரெண்டு தடவை, நுரையை 3–5 நிமிடம் விட்டு அலசணும்.

எண்ணெயை விட வேண்டாம், நேரத்தை மாத்துங்க. குளிக்கிறதுக்கு முன்னாடி வச்சு, ஷாம்பு போட்டு அலசி, தலை காய்ந்த பிறகு மருந்து. எண்ணெய்ப் பிசுக்கு மேல லோஷன் போட்டா உள்ளே இறங்காது. எண்ணெய் சொட்டையைத் தடுக்கும்னு மட்டும் நம்பாதீங்க.

உச்சிவெயில்:
நன்றி. அப்போ மினாக்சிடில் மட்டும் போதாதா?

மருந்துப்பெட்டி:
ஆண் வழுக்கைக்குக் காரணம் டிஎச்டி ஹார்மோன். அது வேரைச் சுருக்குது, மினாக்சிடில் அதைத் தொடாது. பினாஸ்டரைடு டிஎச்டி உருவாவதைக் குறைக்கும், அதனால்தான் ரெண்டையும் சேர்த்து எழுதறாங்க. சிலருக்கு பாலுறவு நாட்டம் குறையும், விறைப்புக் குறையும், மனச்சோர்வும் வரலாம். வந்தா மறைக்காம டாக்டரிடம் சொல்லுங்க. 5 மி.கி. மாத்திரையை வாங்கி உடைச்சுப் போடுறவங்களும் உண்டு. அந்தத் துகளைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தா அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கும். ரத்த தானம் செய்யறதா இருந்தா, கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் பொறுக்கணும். பின்னாளில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) செய்தா இந்த மாத்திரை எடுக்கறதைச் சொல்லுங்க, அளவைப் பாதியாக் காட்டும்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையா வந்தது. படபடப்பு, கால் வீக்கம், தலைசுற்றல் வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

கருவேப்பிலை:
ஒண்ணு விட்டுப்போச்சு. உச்சியில் மட்டுமில்லாம தலை முழுக்க கொட்டுதா? டெங்கு, டைபாய்டு, பட்டினி டயட், இதெல்லாம் முடிஞ்சு 2–3 மாதம் கழிச்சு அப்படிக் கொட்டும், பெரும்பாலும் தானா சரியாகும். அப்படின்னா ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு) ரத்தப் பரிசோதனை பாருங்க. காசு மாதிரி வட்டமா, வழவழன்னு உதிர்ந்தா அது புழுவெட்டு, அதுக்கு வைத்தியமே வேற. மாதம் ஒரு தடவை, அதே விளக்கு, அதே கோணம், காய்ந்த தலையோட உச்சியைப் போட்டோ எடுத்து வைங்க. தினமும் குளியலறையில் விழுந்த முடியை எண்ணிட்டு இருந்தா ஒண்ணும் தெரியாது.