பிரைமரியில் இரண்டு முறை தோற்ற பெர்னி சாண்டர்ஸுக்குக் கட்சிக்குள் இவ்வளவு செல்வாக்கு எப்படி?

தெற்குத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க அரசியலைச் சில வருடங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன், ஆனால் ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் சாண்டர்ஸ் 2016-ல் ஹிலாரி கிளின்டனிடம் தோற்றார், 2020-ல் ஜோ பைடனிடம் தோற்றார். அதுவும் அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்கூட இல்லை, வெர்மான்ட்டில் சுயேச்சையாக நின்று செனட்டுக்கு ஜெயித்து வருபவர். ஆனால் 2025-ல் அவரும் நியூயார்க் காங்கிரஸ் உறுப்பினர் ஒகாசியோ-கோர்டெஸும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டபோது டென்வரில் மட்டும் முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அதே வருடம் நியூயார்க் மேயர் தேர்தலில் அவர் ஆதரித்த ஸோஹ்ரான் மம்தானி ஜெயித்தார். நம் ஊரில் சீட் கிடைக்காத ஒருவர் போட்டி வேட்பாளராக நின்றால் மறுநாளே "அடிப்படை உறுப்பினர் பதவி உள்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கம்" என்று அறிக்கை வந்துவிடும், அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது புரியவில்லை. கூட்டம் சேர்வதை நான் கேட்கவில்லை. கட்சியின் விதி, பதவி, சட்டம், பணம் இதிலெல்லாம் அவரால் உண்மையிலேயே ஏதாவது நகர்ந்திருக்கிறதா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

நெய்தல் எழுதியது:

நிறையவே நகர்ந்திருக்கிறது சார். முதலில் அந்தத் தோல்வியின் அளவைப் பாருங்கள். 2016-ல் அவருக்கு 1.3 கோடி ஓட்டு, 22 மாநிலங்களில் வெற்றி, கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்ய ஓட்டு மூலம் தேர்வான பிரதிநிதிகளில் சுமார் 46 சதவீதம். பொதுத்தேர்தலில் தோற்றவர் வீட்டுக்குப் போய்விடுவார், பிரைமரியில் தோற்றவர் மாநாட்டுக்குப் போகிறார், அதுவும் தன் ஆட்களோடு. அவர்கள் அந்த அரங்கில் உட்காருவார்கள், கமிட்டிகளில் உட்காருவார்கள், டிவி கேமரா முன்னால் கோஷம் போடுவார்கள். அதனால் ஜெயித்தவர் மாநாட்டுக்கு முன்பே பேரம் பேசியாக வேண்டும்.

அந்தப் பேரம் நடந்த விதத்தைப் பாருங்கள். கட்சியின் கொள்கை அறிக்கையை எழுதும் குழுவில் 15 பேர். கிளின்டன் 6 பேரை நியமித்தார், சாண்டர்ஸ் 5 பேரை, மீதி 4 பேரைக் கட்சித் தலைவர். தோற்றுக்கொண்டிருந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர் என்பது அறிக்கைக்குள் வந்தது இப்படித்தான். இதெல்லாம் முடிவான பிறகுதான், 2016 ஜூலை 12-ம் தேதி, நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்தில் கிளின்டனுடன் ஒரே மேடையில் நின்று ஆதரவு அறிவித்தார்.

விதி கேட்டீர்கள், அதற்கும் அதே நியூ ஹாம்ப்ஷயர்தான் நல்ல உதாரணம். அந்த பிரைமரியில் அவருக்கு 60 சதவீத ஓட்டு, அதில் 15 பிரதிநிதிகள் கிடைத்தார்கள், கிளின்டனுக்கு 9 பேர். ஆனால் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காமல், கட்சிப் பிரமுகர்கள் என்ற முறையில் மாநாட்டில் ஓட்டுரிமை பெற்ற சூப்பர் டெலிகேட்டுகள் 6 பேர் கிளின்டன் பக்கம் நின்றதால் டிவியில் 15-க்கு 15 என்று காட்டினார்கள்! இருபது சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த ஒரு தேர்தல் சமன் ஆகிவிட்டது, அவர் ஆட்களுக்கு அன்று வந்த கோபம் இன்றும் தீரவில்லை. கடைசியில் 2018 ஆகஸ்டில் கட்சியின் தேசியக் கமிட்டி விதியை மாற்றியது. யாருக்கும் தெளிவான பெரும்பான்மை இல்லாத நிலையில், மாநாட்டின் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகள் ஓட்டுப் போட முடியாது. தோற்றவர் தரப்பு கேட்டு, ஜெயித்தவர் தரப்பு ஒத்துக்கொண்ட மாற்றம் இது.

அப்புறம் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு. 2013-ல் அந்த மசோதாவை அவர் கொண்டுவந்தபோது கூட கையெழுத்துப் போட செனட்டில் ஒருவர்கூட இல்லை. 2017-ல் 16 பேர். அதில் கமலா ஹாரிஸ், எலிசபெத் வாரன், கோரி புக்கர், கிர்ஸ்டன் கில்லிப்ராண்ட் நான்கு பேரும் பிறகு ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டார்கள். நடுவில் மாறியது என்ன? அந்த 1.3 கோடி ஓட்டுதான்.

பணத்துக்கு வந்தால், சராசரி 27 டாலர் என்று அவர் மேடைக்கு மேடை சொன்ன அந்தச் சிறு நன்கொடையாளர்களின் பட்டியல் அவரிடம் இருக்கிறது, கட்சியிடம் இல்லை. யாருக்காவது உதவ நினைத்தால் அந்தப் பட்டியலுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். பெரிய பணக்காரர் வீட்டு விருந்துக்குப் போய் நிற்க வேண்டாம் என்ற நிலைமையை ஒரு புது வேட்பாளருக்கு அது கொடுக்கிறது.

கணக்கன் எழுதியது:

நெய்தல் சொன்ன தகவல்கள் சரி, ஆனால் எடை போட்ட விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. கொள்கை அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. மசோதாவில் கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் செலவில்லை, அது ஓட்டெடுப்புக்கே வராது என்று தெரிந்துதான் போடுகிறார்கள். உண்மையான ஓட்டெடுப்பு நடந்த ஒரு நாளைப் பார்ப்போம்.

2021 மார்ச் 5. 1.9 டிரில்லியன் டாலர் கொரோனா நிவாரணச் சட்டத்தில் அதே 15 டாலர் ஊதியத்தைச் சேர்க்க சாண்டர்ஸ் திருத்தம் கொண்டுவந்தார். 42-க்கு 58 என்று தோற்றது. குடியரசுக் கட்சி எதிர்த்தது இருக்கட்டும், ஜனநாயகக் கட்சி அணியிலேயே எட்டு பேர் எதிர்த்தார்கள். யார் யார் என்று பாருங்கள். மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின். 2016 பிரைமரியில் அந்த மாநிலத்தின் 55 மாவட்டங்களையும் ஒன்று விடாமல் சாண்டர்ஸ் ஜெயித்திருந்தார். அடுத்து நியூ ஹாம்ப்ஷயரின் இரண்டு செனட்டர்களும், ஷாஹீனும் ஹாசனும். நெய்தல் பெருமையாகச் சொன்ன அதே 60 சதவீத மாநிலம், 2020-லும் அவர் முதலில் வந்த மாநிலம்! அங்கிருந்து ஒரு ஓட்டுகூட வரவில்லை. பிரைமரியில் ஓட்டுப் போடுபவர்கள் வேறு, அந்த செனட்டரைப் பதவியில் உட்கார வைப்பவர்கள் வேறு, இதை மறந்துவிட்டுச் செல்வாக்கைப் பற்றிப் பேச முடியாது.

2021-ல் பட்ஜெட் கமிட்டித் தலைவர் பதவி கிடைத்ததைக்கூட பிரைமரியோடு சேர்த்துப் பேசுவார்கள். அது செனட்டில் இருந்த வருடங்களுக்குக் கிடைத்தது, ஜார்ஜியாவில் இரண்டு செனட் இடங்களையும் ஜெயித்துக் கட்சி செனட்டைக் கைப்பற்றியதால் கிடைத்தது. அந்தப் பதவியில் இருந்து அவர் முதலில் கேட்டது 6 டிரில்லியன், பட்ஜெட் தீர்மானமாக வந்தது 3.5 டிரில்லியன், மான்சின் டிவியில் வந்து முடியாது என்றதும் அதுவும் போயிற்று. 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம் என்று வந்தது அதில் ஒரு சின்னத் துண்டு. அந்த ஒரு செனட்டரின் செல்வாக்கு 1.3 கோடி ஓட்டைவிடப் பெரிதாக இருந்தது.

தெற்குத்தெரு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. கணக்கன் சொல்வதைப் பார்த்தால் இன்னொரு சந்தேகம் வருகிறது. கட்சிக்காரர்கள் அவரை மதிப்பது பயத்தினாலா? அவர் ஆட்கள் ஓட்டுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று?

நெய்தல் எழுதியது:

பயமும் உண்டு சார். 2016-ல் பிரைமரியில் சாண்டர்ஸுக்குப் போட்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் நவம்பரில் டிரம்புக்குப் போட்டதாக ஒரு பெரிய ஆய்வு சொன்னது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்ற கட்சிக்கு அந்த எண் தூக்கத்தைக் கெடுக்கும். தேர்தல் முடிந்த சில நாளிலேயே செனட் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷூமர் தன் தலைமைக் குழுவில் அவருக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார், அதற்கு சீனியாரிட்டி கணக்கு கிடையாது. 2020-ல் இன்னும் கவனமாக நடந்துகொண்டார்கள். ஏப்ரல் 8-ம் தேதி விலகினார், 13-ம் தேதி ஆதரவு, உடனே பைடனும் அவரும் சேர்ந்து ஆறு துறைகளுக்குக் குழுக்கள் போட்டார்கள். பருவநிலைக் குழுவுக்கு ஜான் கெர்ரியும் ஒகாசியோ-கோர்டெஸும் இணைத் தலைவர்கள்.

கணக்கன், நீங்கள் சின்னத் துண்டு என்று சொன்ன சட்டத்தில்தான் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மருந்து விலையைக் கம்பெனிகளிடம் பேரம் பேசலாம் என்று வந்தது, அதில் இருக்கும் முதியவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது என்று வந்தது. மருந்துக் கடையில் கவுன்டர் முன்னால் நின்று மாத்திரையைப் பாதிதான் வாங்கிக்கொண்டு போகும் ஒரு வயதானவருக்கு இது சின்னத் துண்டு இல்லை. அவர் ஒருவரால் வந்தது என்று நான் சொல்லவில்லை, பலர் பல காலமாகக் கேட்டதுதான். ஆனால் இன்சுலின் வாங்க கனடாவுக்கு பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, அந்தப் பேச்சைத் தலைப்புச் செய்தியில் வைத்திருந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

பாலைவனத்தான் எழுதியது:

நான் லாஸ் வேகஸில் இருக்கிறேன், எங்கள் நெவாடா கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2020 பிப்ரவரி காக்கஸுக்கு (ஓர் அறையில் கூடி, மூலை மூலையாக நின்று வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை) முன்னால் ஹோட்டல் தொழிலாளர்களின் கலினரி யூனியன், சுமார் 60,000 பேர் இருக்கும் யூனியன், சாண்டர்ஸ் திட்டம் வந்தால் நாம் போராடி வாங்கிய காப்பீடு போய்விடும் என்று நோட்டீஸ் அடித்தது. ஆனால் காக்கஸ் அன்று பெலாஜியோ போன்ற ஹோட்டல்களுக்குள் சீருடையோடு வந்து நின்ற தொழிலாளர்கள் பலர் சாண்டர்ஸ் பக்கம் போனார்கள். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். 15 சதவீதம் தேறாத வேட்பாளரின் ஆட்கள் எழுந்து எங்கே போவது என்று முழிப்பார்கள், உடனே மற்ற மூலைகளிலிருந்து கைகாட்டிக் கூப்பிடுவார்கள். சாண்டர்ஸ் மூலையில் ஸ்பானிஷில் கூப்பிட ஒரு பெண் தயாராக இருந்தார், மற்ற மூலைகளில் அப்படி யாரும் இல்லை. மாநிலம் முழுக்கப் பார்த்தால் அவருக்குக் கிட்டத்தட்ட 47 சதவீதம்.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அவர் விலகி ஒரு வருடம் கழித்து, 2021 மார்ச்சில், அவர் ஆதரவாளர்கள் சேர்ந்து நிறுத்திய அணி மாநிலக் கட்சியின் பொறுப்புகளையே கைப்பற்றியது. நெவாடா செனட்டராக இருந்த ஹாரி ரீட் வருடக்கணக்கில் கட்டி வைத்திருந்த அமைப்பு அது. பழைய ஊழியர்கள் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள், அந்தப் பொறுப்புகளுக்கான தேர்தலுக்கு முன்பே கட்சிக் கணக்கிலிருந்து 4.5 லட்சம் டாலரை வாஷிங்டனில் இருக்கும் கட்சியின் செனட் தேர்தல் கமிட்டிக்கு மாற்றிவிட்டார்கள். புது அணியிடம் பெயர்ப் பலகை இருந்தது, பணமும் பழகிய ஆளும் இல்லை. பழைய ஆட்கள் வாஷோ மாவட்டக் கட்சி வழியாகத் தனியாகத் தேர்தல் வேலை பார்த்தார்கள். 2023 மார்ச்சில் பொறுப்புகள் மறுபடி கைமாறின. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் காக்கஸ் அறையில் நான் பார்த்த அந்த உழைப்புக்கு இரண்டே வருடத்தில் இப்படி ஆகியிருக்க வேண்டாம். நாற்காலியைப் பிடித்தவர்களுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

சோமு_71 எழுதியது:

தம்பிகள் எல்லோரும் 2016-ல் ஆரம்பிக்கிறீர்கள், கொஞ்சம் பின்னால் போங்கள். 1988 பிரைமரியில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் ஏறக்குறைய 70 லட்சம் ஓட்டு வாங்கி மைக்கேல் டுகாகிஸுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார், மிச்சிகன் காக்கஸில் டுகாகிஸைத் தோற்கடித்தார். அப்போது சில மாநிலங்களில் முதலில் வருபவருக்கு ஓட்டு விகிதத்துக்கு மேல் போனஸ் பிரதிநிதிகள் கிடைத்தார்கள். அட்லான்டா மாநாட்டில் ஜாக்சன் தரப்பு வற்புறுத்தியதால் அது ஒழிந்தது, அடுத்த தேர்தல்களிலிருந்து 15 சதவீதம் தாண்டிய எல்லோருக்கும் விகிதாசாரப்படி பங்கு. மாநாட்டில் ஜாக்சனுக்காக வேலை பார்த்த ரான் பிரவுன் 1989-ல் கட்சியின் தேசியத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்.

இந்த விகிதாசாரம் இருபது வருடம் கழித்து யாருக்கு உதவியது தெரியுமா? 2008-ல் ஒரே நாளில் நியூ ஜெர்சியும் ஐடஹோவும் ஓட்டுப் போட்டன. பெரிய நியூ ஜெர்சியில் கிளின்டன் ஜெயித்தும் 59-க்கு 48, அதாவது 11 பிரதிநிதிகள்தான் கூடுதல். சின்ன ஐடஹோவில் ஒபாமா 15-க்கு 3 என்று 12 கூடுதலாக வாங்கினார். பழைய விதி இருந்திருந்தால் அந்த பிரைமரி எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2016-ல் சாண்டர்ஸ் ஜூன் வரை தாக்குப்பிடித்ததும் இதே விதியால்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், 1988-ல் ஜாக்சனை ஆதரித்த வெள்ளைக்கார மேயர்கள் மிகவும் குறைவு, அதில் ஒருவர் பர்லிங்டன் மேயராக இருந்த சாண்டர்ஸ். 2020 மார்ச்சில் மிச்சிகனுக்கு வந்து சாண்டர்ஸுக்கு ஆதரவு சொன்னார் ஜாக்சன்.

கணக்கன் எழுதியது:

சோமு ஐயா சொன்னதில் விதி விஷயம் எனக்கும் ஏற்புதான், நான் பேசியது சட்டம் நிறைவேறுவதைப் பற்றி. ஆனால் விதியை மாற்றினாலும் மாற்றியவருக்கே பலன் வரும் என்றில்லை. 2018-ல் சூப்பர் டெலிகேட் விதியை மாற்றினார்கள், 2020-ல் தெற்குக் கரோலினா பிரைமரி முடிந்த கையோடு போட்டியில் இருந்த புட்டிஜெஜும் குளோபுசாரும் விலகி பைடனை ஆதரித்தார்கள், சில நாளில் ஆட்டம் முடிந்தது. சூப்பர் டெலிகேட்டுகளுக்கு அங்கே வேலையே வரவில்லை.

குடியரசுக் கட்சிப் பக்கத்தில் ரீகன் கதை வேறு. 1976 கான்சஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டிடம் 1,187-க்கு 1,070 என்று தோற்றார், மிச்சமிருந்த பிரசாரப் பணத்தில் ஓர் அமைப்பு ஆரம்பித்து, வானொலியில் தொடர்ந்து பேசி, நான்கு வருடத்தில் கட்சியையே எடுத்துக்கொண்டார். சாண்டர்ஸுக்கு அந்த இரண்டாவது பாதி நடக்கவில்லை.

நெய்தல் எழுதியது:

நடக்கவில்லைதான். ரீகன் திரும்பி வந்தபோது 69 வயது, சாண்டர்ஸ் பிறந்தது 1941-ல், 2028-ல் அவருக்கு 87 ஆகும். அதனால்தான் மம்தானி, ஒகாசியோ-கோர்டெஸ் இரண்டு பேரையும் கவனிக்கச் சொல்கிறேன். 2016-ல் சாண்டர்ஸ் பிரசாரத்தில் களப்பணி செய்த ஒகாசியோ-கோர்டெஸ் 2018-ல் தன் கட்சியின் பெரிய தலைவரான ஜோ கிரவுலியை பிரைமரியில் வீழ்த்தியே உள்ளே வந்தார். தெற்குத்தெரு சார், அடுத்த பிரைமரி வரும்போது அந்த நன்கொடையாளர் பட்டியலுக்கு யாருக்காக மின்னஞ்சல் போகிறது என்று பாருங்கள். பட்டியலில் இருப்பவர்கள் அந்தப் பெயருக்கும் 27 டாலர் அனுப்புகிறார்களா என்பதில் உங்கள் கேள்விக்கான மீதிப் பதில் கிடைக்கும்.