டிரினிடாட் போகிறோம்: மஞ்சள் காய்ச்சல் ஊசி, விசா, பிரசவ மருந்துப் பெட்டி

வத்தலக்குண்டு டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் கரீபியன் தீவான டிரினிடாட்டில் செயின்ட் அகஸ்டின் பக்கம் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை. ஆகஸ்ட் கடைசியில் அவளுக்குப் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். தலைப்பிரசவம். ஜூலை பாதியில் கிளம்பி, குழந்தை பிறந்து நாற்பது நாள் கழித்துத் திரும்பலாம் என்று நானும் வீட்டுக்காரரும் நினைக்கிறோம். எனக்கு 58 வயது, அவருக்கு 66. அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.

டிக்கெட் ஏஜென்ட், "விசா எதுவும் வேண்டாம், நியூயார்க் வழியாகப் போங்கள், மலிவு" என்கிறார். மகளின் தோழி, கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி போடாமல் வரவே வேண்டாம் என்கிறாள். நான் தேடிப் பார்த்ததில், இந்தியாவிலிருந்து போகிறவர்களிடம் டிரினிடாட் அந்த ஊசியைக் கேட்பதாக எங்கும் இல்லை. எதை நம்புவது?

அப்புறம் பெட்டி. பிரசவ லேகியம், சுக்கு, கருப்பட்டி, வசம்பு, மலைப்பூண்டு, கறிவேப்பிலை, முருங்கைக் கீரை, வீட்டு நெய், பால் சுரக்க நெத்திலிக் கருவாடு எல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மிக்ஸியும் கேட்கிறாள். சுங்கத்தில் எதை விடுவார்கள், எதைப் பிடுங்குவார்கள்?

கூவாவாசி எழுதியது:

அம்மா, முதலில் வாழ்த்துகள். நான் டிரினிடாட்டில்தான், பாயின்ட் லிசாஸில் ஓர் உர ஆலையில் வேலை பார்க்கிறேன், வீடு கூவாவில். என் பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள், மாமியார்தான் வந்து பார்த்துக்கொண்டார். அதனால் உங்கள் பெட்டி எனக்கு நன்றாகவே தெரியும்.

ஊசியைப் பற்றி நீங்கள் படித்ததும் சரி, மகளின் தோழி சொன்னதும் சரி. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது, அதனால் டிரினிடாட் உங்களிடம் சான்றிதழ் கேட்காது. கேட்கப்போவது நம் ஊர்தான், நீங்கள் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் உள்ள இடங்கள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் டிரினிடாட் தீவு இருக்கிறது. இதே நாட்டின் இன்னொரு தீவான டொபேகோ அதில் இல்லை. இங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால், இந்தியராகவே இருந்தாலும், சான்றிதழ் இல்லையென்றால் அந்த ஆறு நாள் முடியும்வரை தனியே வைத்துவிடலாம். லண்டன் வழியாக வந்தாலும் ஒன்றிரண்டு நாளில் சென்னை வந்துவிடுவீர்கள், ஆகவே இந்த விதி உங்களுக்குப் பொருந்தும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். முன்பெல்லாம் பத்து வருடத்துக்குத்தான் செல்லும், 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும்.

இதை வெறும் காகித வேலையாக நினைக்காதீர்கள். இந்தத் தீவின் காடுகளில் ஊளையிடும் சிவப்புக் குரங்குகள் உண்டு. இந்த நோய் தாக்கி அவை காட்டில் செத்துக் கிடந்தால் அதுதான் இங்கே முதல் எச்சரிக்கை. 1979இல் மனிதர்களுக்கும் பரவி உயிர்கள் போயின. இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு மற்றத் தடுப்பூசிகளோடு இதையும் போட்டுவிடுகிறார்கள். நம் நாட்டில் அந்த நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான். ஊசியே போடாத அத்தனை கோடிப் பேருக்கு நடுவில் ஒரு நோயாளி போய் இறங்கினால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் இவ்வளவு கெடுபிடி. அது நியாயமான பயம் என்பதே என் கருத்து.

விசா பற்றி ஏஜென்ட் சொன்னது பாதிதான். டிரினிடாட்டுக்கு இந்திய பாஸ்போர்ட்டில் 90 நாள் வரை விசா வேண்டாம், அது உண்மை. ஆனால் நியூயார்க்கில் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் வேண்டும். பிரிட்டனிலும் இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா உண்டு. அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் விசா கையில் இருப்பவர்களுக்குச் சில சலுகைகள் இருக்கின்றன. லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டிய டிக்கெட் என்றால் இன்னும் கவனம் வேண்டும், வெளியே வந்து ஊரைக் கடந்து போக வேண்டியிருக்கும், அதற்கான விசா வேறு. காசு கட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு இறங்குமிடத்தையும் ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

90 நாள் என்பது இறங்கிய தேதியிலிருந்து எண்ணுவது. ஜூலை பாதியில் வந்தால் அக்டோபர் பாதிக்குள் அது முடிந்துவிடும், பிரசவம் தள்ளிப்போனால் நாற்பது நாள் கணக்கு இடிக்கும். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் முதல் வாரம் வாருங்கள். பியார்கோ விமான நிலையத்தில் திரும்பும் டிக்கெட்டையும் தங்கும் முகவரியையும் கேட்பார்கள். மருமகனிடம் ஒரு கடிதம் வாங்கி, அவருடைய வேலை அனுமதியின் நகலோடு கையில் வைத்திருங்கள். இருவரின் பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். ரொக்கமாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தால் இங்கே அறிவிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நோட்டாக ஒருவர் 3,000 டாலர் வரை எடுத்து வரலாம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். கறிவேப்பிலையையும் பச்சை முருங்கைக் கீரையையும் இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். இலை, பழம், கிழங்கு, விதை, மண் எதுவானாலும் தாவரப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவரக் கூடாது. இதற்குக் காரணம் இருக்கிறது. கறிவேப்பிலையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு குட்டிப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பக்கூடியது. 1990களில் செம்பருத்தி மாவுப்பூச்சி என்று ஒன்று ஆசியப் பக்கத்திலிருந்து வந்து, கிரனடாவில் தொடங்கி டிரினிடாட்டிலும் செடிகளைத் தின்று தீர்த்தது. சின்னத் தீவு, ஒரு பூச்சி நுழைந்தால் தடுக்க இடமில்லை. கவலைப்படாதீர்கள், கறிவேப்பிலை இங்கே வீட்டுக்கு வீடு நிற்கிறது. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களில் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்களும் உண்டு, அவர்கள் வாரிசுகள் வீடுகளிலும் கொல்லையில் அது இருக்கும். முருங்கையும் பாகலும் காராமணியும் சாகுவானாஸ் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும்.

முழுப் பூண்டும் வசம்புக் கிழங்கும் வேண்டாம். பூண்டு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். இறைச்சி, பால் பொருட்களுக்கும் தனி அனுமதி கேட்பார்கள், அதனால் வீட்டு நெய்யை விட்டுவிடுங்கள். டிரினிடாட்டில் நெய் இல்லாத மளிகைக் கடையே கிடையாது. கருவாட்டுக்குப் பதில் நல்ல மீன் தினமும் வாங்கலாம். சுக்குப் பொடி, கருப்பட்டி, லேகியம் ஆகியவற்றை மூடி முத்திரையிட்ட கடை டப்பாவில், பொருள் பெயர் அச்சிட்டபடி கொண்டுவாருங்கள். படிவத்தில் உணவு இருக்கிறதா என்ற இடத்தில் 'ஆம்' என்று போட்டு, அவர்கள் கேட்பதற்கு முன்பே திறந்து காட்டுங்கள். என் மாமியார் அப்படித்தான் செய்தார். லேகியத்தை முகர்ந்து பார்த்த அதிகாரி, "என் ஆச்சியும் இப்படி ஒன்று செய்வார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

துபாய் அல்லது தோஹா வழியாக வருவதென்றால் ஒரு முக்கியமான விஷயம்: கசகசா ஒரு சிட்டிகைகூட பெட்டியில் இருக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கு. லேகியத்திலும் மசாலாப் பொடியிலும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மிக்ஸி வேண்டாம். இங்கே மின்சாரம் 115 வோல்ட், நம் ஊர் மிக்ஸி சரியாக ஓடாது.

சேப்பாக்கம் ரசிகன் எழுதியது:

டீச்சரம்மா, ரொம்பப் பயப்படாதீங்க. 2024 டி20 உலகக் கோப்பை ஃபைனலுக்கு பார்படாஸ் போயிட்டு வந்தேன். விசா இல்லை, ஊசி போடலை, சென்னையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. அங்கே ராணுவ டிசைன் போட்ட துணி மட்டும் கூடாது, குழந்தைகளுக்குக்கூட. அந்தச் சட்டம் டிரினிடாட்டிலும் உண்டு, சார்ட்ஸ், தொப்பி, பை எல்லாம் பார்த்து எடுத்து வையுங்க.

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

தம்பி, பார்படாஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை, அதனால்தான் உங்களைக் கேட்கவில்லை. கரீபியன் என்றால் எல்லாத் தீவுக்கும் ஒரே விதி என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு யாராவது ஊசி இல்லாமல் டிரினிடாட் போய் வந்தால் அவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

டீச்சர், நான் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடும் மையத்தில் வேலை பார்த்தவள். இந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் ஆள் சேர்த்து, குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். முன்பதிவு செய்யாமல் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறாதீர்கள். அசல் பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா, மருந்தின் பேட்ச் எண், கையெழுத்து, முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எத்தனையோ பேர் இவ்வளவு தூரம் வந்து, ஜெராக்ஸை மட்டும் நீட்டிவிட்டு வெறும் கையோடு திரும்பியிருக்கிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

உங்களுக்கு 58 வயது. முட்டை ஒவ்வாமை, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை, தைமஸ் சுரப்பி நோய் இவை இல்லையென்றால் தயங்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது சாருக்குத்தான். சர்க்கரையும் பிரஷரும் தடை இல்லை, வயதுதான் காரணம். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போடுகிறவர்களுக்கு ஈரலையோ நரம்பு மண்டலத்தையோ தாக்கும் கடுமையான பின்விளைவு மிக அபூர்வமாக வரும், ஆனால் இளையவர்களுக்கு வருவதைவிட அதிகம். ஆகவே அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் எல்லா ரிப்போர்ட்டையும் காட்டி, அவர் கருத்தை எழுதி வாங்கிக்கொண்டு மையத்துக்குப் போங்கள். அவசரத்தில் யாரும் அவருக்குக் குத்திவிடக் கூடாது, வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யவும் கூடாது.

டாக்டர் வேண்டாம் என்றால் இரண்டு வழிகள். நாள்பட்ட நோயால் எதிர்ப்புச் சக்தி குறைந்து ஊசி போட முடியாதவர்களுக்கு விதியில் விலக்கு இருக்கிறது, அதற்கான மருத்துவச் சான்றிதழை மையத்திலேயே கேளுங்கள். ஆனால் அதை ஏற்பது இறங்கும் விமான நிலையத்தின் சுகாதார அதிகாரி கையில் இருக்கிறது, முன்கூட்டியே சென்னை விமான நிலைய சுகாதார அலுவலகத்துக்கு எழுதிவிடுவது நல்லது. இன்னொன்று, திரும்பும்போது பட்டியலில் இல்லாத ஏதாவது ஒரு நாட்டில் ஆறு நாள் தங்கிவிட்டு வருவது. அங்கே உறவினர் யாராவது இருந்தால் செலவு குறையும்.

இருவரும் மாத்திரைகளை மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து, அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். டப்பாவில் கொட்டிக் கலக்கி எடுத்துப் போகாதீர்கள். நீங்கள் போகும் காலம் அங்கே மழைக்காலம், டெங்கு உண்டு. பகலிலும் முழுக்கை உடுத்துங்கள்.

வத்தலக்குண்டு டீச்சர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நியூயார்க் டிக்கெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை சாரை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், என் ஊசிக்கு கிண்டியில் கேட்டிருக்கிறேன். கறிவேப்பிலையை எடுத்து வைத்துவிட்டேன், மனசே இல்லை. இன்னும் ஒன்றே ஒன்று. பொங்கலுக்கு மகளும் குழந்தையும் ஊருக்கு வருவதாகச் சொல்கிறார்கள். குழந்தைக்கும் இந்தச் சான்றிதழ் வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

வேண்டாம் டீச்சர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விலக்கு உண்டு, ஆகஸ்டில் பிறந்தால் பொங்கலுக்கு ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. வருவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த ஊசியை ஒன்பது மாதத்துக்கு முன்பு குழந்தைக்குப் போட மாட்டார்கள். மகள் விஷயத்தை இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அங்கே போவதற்கு முன்பு அவள் ஊசி போட்டிருந்தால் அந்த மஞ்சள் புத்தகத்தைத் தேடி எடுத்து பாஸ்போர்ட்டோடு வைக்கட்டும், ஆயுளுக்கும் அது போதும். போடவில்லை என்றால், கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் மாதங்களிலும் சாதாரணமாகப் போட மாட்டார்கள். அவளைப் பார்க்கும் மகப்பேறு டாக்டரிடம் இந்தப் பயணத்தைப் பற்றி அடுத்த பரிசோதனையிலேயே பேசச் சொல்லுங்கள்.