கலைச்சொல் வேண்டும்: ‘ஸ்ட்ரீமிங்’ - ஓடையா, ஒழுக்கா, இறைப்பா?

ஊடக ஆசிரியை, கொக்குவில் (செவ்வாய் காலை)

எல்லாருக்கும் வணக்கம்.

தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கைந்நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதில் ஓர் அலகு வீட்டில் இருந்து படம் பார்ப்பதைப் பற்றியது: வீடியோ டெக்கும் ரேப்பும், பிறகு சீடி, டிவிடி, புளூரே, இப்போது ஓடிடி. இறுவட்டு (சீடி) வரைக்கும் சிக்கல் இல்லை. ‘ஸ்ட்ரீமிங்’, அதாவது படத்தை இணையத்தில் இருந்து வரவர அப்படியே பார்ப்பது, என்ற இடத்தில் நிற்கிறேன். கையில் இருக்கிற குறிப்புகளில் ஒன்று ‘ஓடை’ என்கிறது, ஒன்று ‘தாரை’ என்கிறது, இன்னொன்று ‘நேரலை’ என்கிறது. நேரலை சரிவராது, அது நேரடி ஒளிபரப்பு.

பெயர்ச்சொல் மட்டும் போதாது. சேவை, தளம் என்ற சொற்களோடு ஒட்ட வேண்டும், வினையாகவும் வர வேண்டும். வட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பிள்ளைக்கு உடனே விளங்க வேண்டும்: ஒன்று அலுமாரியில் இருக்கிறது, மற்றது பார்த்து முடிந்ததும் வீட்டில் இல்லை. பரீட்சையில் எழுதப்போகிற சொல் என்பதால் கவனமாகச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

அன்பு மகளுக்கு,

இறுவட்டு வரைக்கும் சிக்கல் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். எனக்குச் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. ‘இறுகிய வட்டு’ என்ற கருத்தில் ஆக்கினார்கள். ஆனால் வினைத்தொகையாக விரித்தால் இறு என்பது ஒடிதல், முடிதல். இற்ற வட்டு, இறுகின்ற வட்டு அல்ல, இறுகின்ற என்பதற்கு ‘இறுகு’ பகுதியாக நிற்க வேண்டும். போதாததற்கு, ஊரில் பாட்டுத்தொகுப்பு வெளியிடுகிறவர்கள் அழைப்பிதழில் ‘இறுவெட்டு’ என்று அச்சடிக்கிறார்கள். வட்டு வட்டமானது. வெட்டு எங்கிருந்து வந்தது? கைந்நூலில் தயவுசெய்து ‘வட்டு’ என்றே போடுங்கள்.

இனித் தாங்கள் கேட்டது. தாரை வடசொல், அதை விடுவோம். ஓடை நல்ல தமிழ். கொடு கொடையானது போல ஓடு ஓடையாயிற்று. ஆனால் பழம்பாட்டில் ஓடை என்றால் யானையின் நெற்றிப்பட்டமும் ஆகும். என் பரிந்துரை ‘ஒழுக்கு’. ஒழுகு, ஒழுக்கு, ஒழுங்கு, ஒழுக்கம் நான்கும் ஒரு வேர். ஒன்றன்பின் ஒன்றாக முறை தவறாமல் வருவதே ஒழுக்கு. ஒழுகு தன்வினை, ஒழுக்கு பிறவினை. படம் ஒழுகும், தளம் படத்தை ஒழுக்கும். வினையும் கிடைத்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர், நல்லூர்

ஐயா, பிறவினைக் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் எங்கட வீடுகளில் ஒழுக்கு என்றால் கூரை ஒழுக்கு. மாரியில் வாளி வைக்கிற ஒழுக்கு. பதினாறு வயதுப் பிள்ளை ‘ஒழுக்குச் சேவை’ என்று வாசித்தால் கொப்பியை மூடிவிடும்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு மரபு இருக்கிறது. ‘ஸ்ட்ரீம்லைன் ஃபுளோ’ என்பதை உயர்தரப் பௌதிகவியலில் ‘அருவிக்கோட்டுப் பாய்ச்சல்’ என்று படிக்கிறார்கள். அதில் ‘ஸ்ட்ரீம்’ என்பதற்கு வருகிற அருவி நாம் தேடுகிற அதே சொல்தான். மன்னாருக்குப் போகிற வழியில் அருவி ஆறும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அருவி என்றால் மலையில் இருந்து விழுவது மட்டுமே. இங்கே ஓடுவதற்கும் அந்தச் சொல் உண்டு. இயற்பியல் என்று அவர்கள் எழுத, பௌதிகவியல் என்று நாங்கள் எழுதி வளர்ந்த மாதிரி இதையும் எடுக்கலாம்.

பாய்ச்சலைத் தனியாக எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீர் பாய்ச்சுதல் பொருத்தமான வினைதான். ஆனால் 1995 யூலையில், போரில், ஒரு தரப்பு ‘முன்னேறிப் பாய்தல்’ என்றும் மற்றத் தரப்பு ‘புலிப்பாய்ச்சல்’ என்றும் பெயர் வைத்த நாட்களில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இந்தப் பிள்ளைகளின் வீடுகளிலும் இருக்கின்றன. படம் பார்க்கிற விடயத்துக்கு அந்தச் சொல் வேண்டாம்.

கணினிப் பொறியியலாளர், திருநெல்வேலி

சேர், அக்கா, ஒரு தொழில்நுட்ப விளக்கம் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் தண்ணீரைப் பற்றியே கதைக்கிறோம். உள்ளே நீர்மாதிரி ஒன்றும் ஓடுவதில்லை. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சேவையகத்தில் வைத்திருப்பார்கள். வீட்டில் இருக்கிற ரீவியோ போனோ ‘அடுத்த துண்டைத் தா’ என்று கேட்டுக் கேட்டு எடுக்கும். இணைப்பு தளர்ந்தால் அடுத்த துண்டை மங்கலான தரத்தில் கேட்கும். அதனால்தான் முகம் கட்டம் கட்டமாகப் போய், கொஞ்ச நேரத்தில் தெளிகிறது. ஆக, இதில் தள்ளுவது அவர்கள் இல்லை, இழுப்பது நாங்கள்.

கைந்நூலுக்குக் கணக்கும் தருகிறேன். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் இணைப்பு நொடிக்கு 15 மெகாபிட். 4கே புளூரே வட்டில் இருந்து நொடிக்கு 128 மெகாபிட் வரை வாசிக்கலாம். ஒரு வட்டில் 100 கிகாபைட் வரை கொள்ளும். இருட்டுக் காட்சிகளில் வானம் பட்டை பட்டையாகத் தெரியாமல் இருப்பதற்கும் சத்தம் நிறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். இரண்டிலும் 4கே என்று எழுதியிருப்பதால் ஒரே தரம் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது.

சொல்லுக்கு எனக்கு ஓடை போதும். தேடினால் கிடைக்கிற சொல் அது. ஐந்து பேருக்கு மட்டும் தெரிந்த தூய சொல்லை விட ஆயிரம் பேர் தட்டச்சிடுகிற சொல் பிள்ளைக்கு உதவும்.

முன்னாள் சீடிக் கடைக்காரர், சுன்னாகம் (புதன் இரவு)

எல்லாருக்கும் வணக்கம். நான் 2002இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 வீதி திறந்த கையோட கடை போட்டவன். இந்தச் சாமானை விற்றும் துடைத்தும் பழகினவன் எண்டபடியால் கொஞ்சம் கதைக்கிறன்.

ஒரு வீசீடியில, அதுதான் படம் பதிஞ்ச சீடியில, 74 நிமிசம்தான் கொள்ளும். இரண்டரை மணிப் படத்துக்கு மூன்று வட்டு. மூன்றாவதில கீறல் விழுந்தால் சனம் முடிவு தெரியாமல் இரவோட இரவாகக் கடைக்கு வரும். பற்பசையைத் தொட்டு, நடு ஓட்டையில இருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேணும். வட்டமாகத் துடைச்சால் புதுக் கீறல் தடத்தோடயே ஓடும், பிறகு வாசிக்காது. வெளிச்சத்துக்குப் பிடிச்சு ஊசித்துளை தெரிஞ்சால், அந்த இடத்தில வெள்ளிப்பூச்சே போயிட்டுது, ஒன்றும் செய்ய ஏலாது. பண்டிதர் ஐயா ‘இற்ற வட்டு’ எண்டது எனக்குப் பிழையாகப் படேல்லை.

இப்ப சொல்லுக்கு வாறன். ஓடை, அருவி எல்லாம் ஆறு ஓடுற ஊருக்குச் சரி. குடாநாட்டில ஆறு எண்டு சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில மட்டும். எங்களுக்குத் தண்ணி தானாக வந்ததில்லை. கிணறு, துலா, பிறகு இறைப்பு மெசின். தேவையான நேரம் இறைச்சு, பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவம். தம்பி சொன்னதைக் கேட்ட உடனே எனக்கு வந்த சொல் ‘இறைப்பு’. துண்டு துண்டாகக் கேட்டு இழுக்கிறது, மெசின் நிண்டால் நிக்கிறது. கிணறு மற்றவன்ர வளவில இருக்கு, அவன் படலையைப் பூட்டினால் எங்களுக்கு இல்லை. ஆசிரியை கேட்ட வேறுபாடு அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

சுன்னாகம் அன்பரின் மடலை இரண்டு தரம் வாசித்தேன். ஒழுக்கை மீட்டுக்கொள்கிறேன்.

இறு, இறை, இறங்கு, இறக்கு எல்லாவற்றிலும் கீழ்நோக்கிய அசைவு இருப்பதைப் பாருங்கள். வைத்தியர்கள் காய்ச்சி இறுத்தல் என்பார்கள், அது வடித்தல். அரசனுக்கு இறுப்பது இறை, அது வரி. மாதாமாதம் பணம் இறுத்துப் படம் இறைக்கிறோம்! பதிவிறக்கம் என்ற சொல்லில் உள்ள இறக்கமும் இதே குடும்பம். இறுவட்டில் இருந்து இறைப்புக்கு வந்தது ஒரு வேரில் இரு கிளை. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை அனுப்புகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், நல்லூர்

ஐயா, “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்று, சொல்லின் பொருளுக்குக் காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்று, தொல்காப்பியர் சொன்னதை எனக்குப் படிப்பித்தவர் நீங்கள். வேர் ஒன்றாக இருக்கலாம். பிள்ளை வேரை வாசிப்பதில்லை, சொல்லை வாசிக்கும். இறைத்தல் என்றால் காசை வாரி இறைப்பதும், விழலுக்கு இறைத்த நீரும் நினைவில் வரும். ‘இறைப்புச் சேவை’ என்று கண்டால் கமநல சேவை நிலையத்துக்குத்தான் போகத் தோன்றும்.

அருவியை வற்புறுத்தவில்லை. தமிழ்நாட்டுப் புத்தகம் வாசிக்கிற பிள்ளைக்கு அது குற்றாலம். ஓடை என்றால் இங்கே யாருக்கும் அந்நியம் இல்லை, சுன்னாகத்துக்குப் பக்கத்திலேயே கந்தரோடை இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

அந்த ஊர்ப்பெயரின் பின்பகுதி ஓடைதானா என்பதே முடியாத வழக்கு. அதைச் சான்றாக வைக்க வேண்டாம்.

தூய்மைக்காக நான் இறைப்பைக் கேட்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊர் இது. அலுமாரியில் இருப்பதும் போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காகத்தான் பிறகு ஆட்கள் பிரதி பிரதியாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் தளமும் அந்தக் கவலையில் பிறந்ததே. கையில் ஒரு வட்டு இருந்தால் இன்னொரு வீட்டில் இன்னொரு வட்டு இருக்கும். தளத்தில் இருந்து ஒரு படத்தை எடுத்துவிட்டால் எல்லா வீட்டிலும் ஒரே இரவில் இல்லாமல் போகிறது. ஓடை என்ற சொல் இதை மறைத்து, எல்லாருக்கும் பொதுவாக இயற்கையில் ஓடுவது போலக் காட்டுகிறது.

கணினிப் பொறியியலாளர், திருநெல்வேலி

சேர் சொல்வது சரி. நெட்ஃபிளிக்ஸ் கூட 1998இல் தபாலில் டிவிடி அனுப்பித் தொடங்கியதுதான். 2023 செப்டெம்பரில் அந்த வேலையை நிறுத்தியது. அங்கே தபாலில் போய் வந்த பல பழைய படங்கள் இணையத்தில் இல்லை. ஆனால் இதை ஒரு சொல்லுக்குள் அடைக்க ஏலாது, பந்தி ஒன்றில் எழுதலாம். நாளை வியாழன். என் வாக்கு ஓடை.

மொழிபெயர்ப்பாளர், நல்லூர்

ஓடை. ‘ஓடையில் பார்’, ‘ஓடைவழிச் சேவை’. வினை கொஞ்சம் மெலிவுதான், சமாளிக்கலாம்.

ஊடக ஆசிரியை, கொக்குவில் (வியாழன் மாலை)

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஓடை என்றே போடுகிறேன், எனக்கும் களைத்துவிட்டது. ஐயா சொன்ன காரணத்தை, இறைப்பு என்ற சொல்லோடு, ஒரு பெட்டிச் செய்தியாக அலகின் முடிவில் சேர்த்திருக்கிறேன். வட்டு என்றே எழுதியிருக்கிறேன். வெட்டு எங்கும் இல்லை.

முன்னாள் சீடிக் கடைக்காரர், சுன்னாகம்

போடுங்கோ பிள்ளை. நான் ஓடை எண்டு சொல்ல மாட்டன், அதையும் ஒருக்கால் எழுதி வையுங்கோ. இன்னொன்று: படம் நடுவில சுத்திக்கொண்டு நிக்குமே, அந்த பஃபரிங்குக்கு என்ன போட்டிருக்கிறீங்கள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

நல்ல கேள்வி. ‘தாங்கல்’ என்று போடலாம். தமிழ்நாட்டில் நீரைத் தேக்கி வைக்கும் சிறு ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். வேடந்தாங்கல் அப்படி வந்தது. வந்த துண்டுகளைத் தாங்கி வைத்துக் கொடுக்கிற இடம் அதுதானே.

ஊடக ஆசிரியை, கொக்குவில்

ஐயா, இரசாயனவியலில் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், தாங்கல் கரைசல் என்று. அந்த ஆசிரியரைக் கேட்டுவிட்டு அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

கேளுங்கள். தாங்கற் கரைசல் என்று றகரம் இட்டு எழுதச் சொல்லுங்கள்.